அடி உதை நிறைந்த வீட்டில் வளர்ந்தவள் நான். பழையதைத் தோண்டாமல் நடிகையாக முடியாதா?

சாவிச்சத்தம் (தொடக்கப் பதிவு)

வணக்கம். மூன்று வருடமாக இங்கே வாசகியாக மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 24 வயது. அப்பா குடிப்பார், அடிப்பார். அதிகம் வாங்கியது அம்மா. நடுவில் போய் நின்றால் எனக்கும் விழும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியைக் கதவோரம் இருக்கும் ஆணியில் மாட்டுவார். சத்தமில்லாமல் மாட்டினால் அன்றைக்குத் தப்பித்தோம். சாவி மேசைமேல் வந்து விழுந்தால், தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். அவன் அழுதுவிடக் கூடாது என்பதற்காக வாயைத் திறக்காமல் முகத்தாலேயே கதை சொல்லுவேன். ராஜாவுக்கு ஒரு முகம், பூதத்துக்கு ஒரு முகம், பூதத்தைப் பார்த்துப் பயப்படும் ஆட்டுக்குட்டிக்கு ஒரு முகம். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் நடிக்க ஆரம்பித்தது அந்தக் கட்டிலுக்கு அடியில்தான்.

எனக்குப் பதினாறு வயதானபோது அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இப்போது பகலில் வேலை, சாயங்காலம் நடிப்பு வகுப்பு. எட்டு மாதம் நன்றாகவே போனது. போன மாதம் ஒரு பட்டறையில் பயிற்றுநர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். "உன் வாழ்க்கையின் மிக மோசமான நாளுக்குப் போ. அங்கே என்ன சத்தம் கேட்கிறது?" என்றார். எனக்குச் சாவி விழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன. "இதுதான் வேண்டும், விட்டுவிடாதே, அப்படியே பிடித்துக்கொள்" என்று அவர் தலைக்குமேல் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

இரண்டு வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. நல்ல நடிகையாக வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் அங்கே போய்த்தான் வர வேண்டுமா? அப்படியென்றால் என்னால் முடியாது. ஆனால் நடிக்காமல் இருக்கவும் என்னால் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மழைக்குருவி

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை, சகோதரி. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு அவர்கள் கை தட்டியது தப்பு. கூட இருந்தவர்களில் ஒருவராவது பக்கத்தில் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும்.

தீப்பந்தம்

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப்போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் நல்ல குழந்தைப்பருவம் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், அந்த வலிதான் நம் மூலதனம். வசதியாக வளர்ந்தவனுக்கு ஆயிரம் பயிற்சி கொடுத்தாலும் வராத ஒன்று நமக்குச் சும்மா வரும். சாப்ளினைப் பாருங்கள். 1896-ல், ஏழு வயதில், லண்டனில் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டார். அம்மாவுக்கு மனநலம் கெட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டார். அப்பா குடிகாரர். பிற்காலத்தில் 'தி கிட்' படத்தில் சிறுவனை அனாதை இல்லத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் காட்சியை அவரைத் தவிர வேறு யார் எடுத்திருக்க முடியும்? மர்லின் மன்றோவும் வளர்ப்பு வீடுகளிலும் அனாதை இல்லத்திலும் வளர்ந்தவர்தான். கடவுள் கொடுத்த கிணற்றை மூடி வைக்காதீர்கள்.

ஒப்பனை அறை

முப்பது வருடத்துக்கு மேல் மேடையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

முதலில் தங்கச்சிக்கு. உனக்கு நடந்தது உன் பலவீனத்தால் இல்லை. அந்தப் பயிற்சிக்கு உணர்ச்சி நினைவு என்று பெயர். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தொடக்க காலத்தில் அதைப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் லீ ஸ்ட்ராஸ்பர்க் அதையே தன் பயிற்சியின் மையமாக்கிக்கொண்டார். பலருக்குத் தெரியாத கதை இனிமேல்தான் வருகிறது. ஸ்ட்ராஸ்பர்க்கோடு ஒரே நாடகக் குழுவில் இருந்தவர் ஸ்டெல்லா ஆட்லர் என்ற நடிகை. அந்த முறையில் நடித்து நடித்து, நடிப்பின்மேல் இருந்த சந்தோஷமே போய்விட்டது அவருக்கு. 1934-ல் பாரிஸில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியை நேரில் பார்த்து, சில வாரம் கூடவே இருந்து வேலை செய்தார். பெரியவர் அதற்குள் வெகுதூரம் நகர்ந்துபோயிருந்தார். பாத்திரம் எந்தச் சூழ்நிலையில் இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும், அதை அடைய என்ன செய்கிறது, இந்த இடத்தில் உன் கற்பனையை வை என்பதுதான் அவர் அப்போது சொல்லிக்கொடுத்தது. ஆட்லர் திரும்பி வந்து குழுவில் இதைச் சொன்னதும் ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் அவருக்கும் பெரிய மோதல். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, உன் பட்டறை வரைக்கும் வந்திருக்கிறது.

ஆக, உன் பயிற்றுநர் காட்டியது பல வாசல்களில் ஒன்றைத்தான். கற்பனை வழியாக ஆட்லர் ஒரு வாசல் திறந்தார். எதிரே நிற்பவரைக் கவனிப்பதிலேயே எல்லாம் இருக்கிறது என்று அமெரிக்கப் பயிற்றுநர் மைஸ்னர் ஒரு வாசல் திறந்தார். உடம்பின் ஒரு அசைவிலிருந்து உள்ளே போகலாம் என்றார் ரஷ்ய நடிகர் மிகயீல் செக்கோவ். ஸ்ட்ராஸ்பர்க்கே கூட, பயன்படுத்தும் நினைவு குறைந்தது ஏழு வருடமாவது பழையதாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். ஆறாத புண்ணில் கை வைக்கக் கூடாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. உன் விஷயத்தில் வருடக்கணக்கு சரியாக இருந்தும் புண் ஆறவில்லை. அதை உன்னைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

தீப்பந்தம் தம்பிக்கு. சாப்ளினைப் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் நடுவில் ஒரு பெரிய துண்டை விட்டுவிட்டீர்கள். அந்தச் சிறுவன் பத்து வயதுக்குள் ஒரு நடனக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக ஆடினான். 1908-ல் ஃப்ரெட் கார்னோவின் குழுவில் சேர்ந்து, விழுவதையும் எழுவதையும் அளந்து அளந்து பழகினான். சினிமாவுக்கு வந்தது 1914-ல். 'தி கிட்' வெளியானது 1921-ல். விடுதிக்குள் போன நாளுக்கும் அந்தக் காட்சிக்கும் நடுவில் இருபத்தைந்து வருடம், அதில் பெரும்பகுதி தினசரி உழைப்பு. விடுதியில் அவரோடு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே வலிதான்.

நம் பக்கம் வாருங்கள். அப்பாவைச் சின்ன வயதிலேயே இழந்த எம்.ஜி.ஆர். பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வயிற்றுப்பாட்டுக்காக. சிவாஜியும் ஏழெட்டு வயதில் வீட்டை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனவர். அந்தக் கம்பெனிகளில் கண்டிப்பு அதிகம், அடியும் உண்டு. அதைப் புகழ வரவில்லை. ஆனால் அங்கே யாரும் பிள்ளைகளிடம் "உன் சோகத்தைக் காட்டு" என்று கேட்கவில்லை. "பாடம் ஒப்பி" என்றுதான் கேட்டார்கள். குரல், பாட்டு, நடை, கத்திச்சண்டை. சிவாஜி ஒரு வசனத்தை எங்கே மூச்சு வாங்கி எங்கே உடைக்கிறார் என்று கவனியுங்கள், அது அங்கே கிடைத்த சொத்து.

தீப்பந்தம்

ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் அந்த வலி எனக்குக் கொடுத்த எதுவுமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். இத்தனை வருடம் அனுபவித்தது ஒன்றுக்குமே உதவாது என்றால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஒப்பனை அறை

அப்படிச் சொல்லவே மாட்டேன், தம்பி. தங்கச்சி எழுதியதை மறுபடி படியுங்கள். ஒரு சாவிச் சத்தத்தை வைத்து வந்தவரின் மனநிலையைக் கணித்திருக்கிறாள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காலடிச் சத்தம், மூச்சு, புருவம் எல்லாம் பாடப்புத்தகம். எதிரில் நிற்பவரின் முகம் லேசாக மாறினாலும் தெரிந்துவிடும். மேடையில் இதைக் கற்றுக்கொடுக்க நான் வருடக்கணக்கில் பாடுபடுகிறேன். உங்களுக்கு அது இருக்கிறது, அது உங்களுடையது. அதைப் பயன்படுத்த அடிவாங்கிய நாளுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. நீச்சல் தெரிந்தவன் ஒவ்வொரு தடவையும் முதலில் மூழ்கிப்போன இடத்துக்கா போய்க் குதிக்கிறான்?

நிதானம்

மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இங்கே யாருக்கும் சிகிச்சை சொல்ல முடியாது, பொதுவாகச் சில விஷயங்கள் எழுதுகிறேன்.

நினைத்துப் பார்ப்பது வேறு, மறுபடியும் அங்கேயே இருப்பது வேறு. நினைக்கும்போது "அது அன்றைக்கு, நான் இன்றைக்கு" என்பது உள்ளே எங்கேயோ தெரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கோடு அழிந்துவிட்டால் உடம்பு இப்போதே ஆபத்து என்று நம்பிவிடும். கை மரத்துப்போவது, நேரம் துண்டு துண்டாக நினைவிருப்பது, அசைய முடியாமல் உறைந்துபோவது எல்லாம் அப்போது வருபவை. பார்க்கிறவர்களுக்கு அது அபாரமான நடிப்பு மாதிரி இருக்கும். ஆனால் நடிப்பு என்றால் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும், வெளிச்சத்தில் நிற்க வேண்டும், எதிர் நடிகரின் கையைப் பார்த்து அசைய வேண்டும். உறைந்துபோனவரால் இதில் எதையும் செய்ய முடியாது. அதனால் தொழில் கணக்கில் பார்த்தாலும் அந்தப் பயிற்சி அன்றைக்கு உங்களுக்கு எதையும் கற்றுத்தரவில்லை.

மறுபடி அப்படி வந்தால் கண்ணைத் திறந்துவிடுங்கள். பயிற்றுநர் என்ன சொன்னாலும் சரி. இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள், காதில் விழும் இரண்டு மூன்று சத்தத்தைச் சொல்லுங்கள். இன்று என்ன தேதி, உங்கள் வயது என்ன என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எளிமையாகத் தெரியும், ஆனால் உடம்பை இன்றைக்கு இழுத்துவர இது உதவும். அதற்கப்புறம், இப்படிப்பட்ட பாதிப்புகளோடு வேலை செய்து பழகிய ஒரு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. நடிப்பு வகுப்பு சிகிச்சை ஆகாது. பயிற்றுநருக்கு அதற்கான படிப்பும் இல்லை, பொறுப்பும் இல்லை.

தனியாக இருப்பதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் அதிகமானவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வன்முறை, புறக்கணிப்பு, குடி, பெற்றோர் பிரிவு போன்றவற்றில் ஒன்றாவது தன் வீட்டில் இருந்தது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் வகுப்பில் அன்றைக்குக் கை தட்டியவர்களிலும் அப்படிச் சிலர் இருந்திருப்பார்கள். வேறென்ன செய்வது என்று தெரியாமல் தட்டியிருக்கலாம்.

பாதிவழி

நான் நடிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவன், அதனால் எழுதுகிறேன். எனக்கு வீட்டில் அடி இல்லை, பேச்சே இல்லை. அம்மா போனபின் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வருடக்கணக்கில். ஒரே வீட்டில் இருவரும் சீட்டு எழுதி வைத்துக்கொண்டு வாழ்ந்தோம். நடிப்பு வகுப்பில் சேர்ந்தபோது என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. கிண்டல் தாங்காமல் விட்டுவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸைப் பற்றிப் படித்தேன். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர், திக்குவாயால் சிறுவயதில் ஏறக்குறைய எட்டு வருடம் பேச்சையே விட்டுவிட்டவர். அவர் கவிதை எழுதுவதைக் கண்டுபிடித்த ஒரு ஆசிரியர், அதை வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாராம். வாசிக்கும்போது திக்கவில்லை. பின்னாளில் உலகமே கேட்ட குரல் அது. அந்த ஆசிரியர் பையனிடம் "ஏன் பேசமாட்டேன் என்கிறாய், உன் வீட்டில் என்ன நடந்தது" என்று தோண்டவில்லை பாருங்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். என்னை அந்த விஷயம்தான் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் அரைமணி நேரம் எதையாவது சத்தம் போட்டு வாசிக்கிறேன். இப்போது கடைசி வரிசைக்கும் கேட்கிறது.

சாவிச்சத்தம்

எல்லாருக்கும் நன்றி. ஒப்பனை அறை அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சாவிச் சத்தம் உனக்குமா கேட்டது?" என்று கேட்டார். இத்தனை வருடமாக அது தனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்திருக்கிறார். இருவரும் ரொம்ப நேரம் பேசினோம்.

இன்னொன்று கேட்க வேண்டும். வகுப்பில் ஒரு நண்பர் சொல்கிறார், ஆடிஷனில் இந்தக் கதையைச் சொன்னால் மனதில் நிற்பாய், பேட்டிகளிலும் எடுபடும் என்று. சொல்லலாமா? அப்பாவைப் பற்றி ஊரறியச் சொல்வதில் எனக்குள் ஏதோ தடுக்கிறது. அவரைக் காப்பாற்றுவதற்காக இல்லை. தம்பிக்கும் அது கதைதானே, அவனைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?

வெள்ளைத்தாள்

நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு. நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆடிஷனில் சொந்தக் கதையைச் சொல்லாதீர்கள். உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அதில் ஐந்து நிமிடம் கதைக்குப் போனால் என் மனதில் பரிதாபம் நிற்கும், நடிப்பு நிற்காது. அப்புறம் யாராவது அதே மாதிரிப் பாத்திரத்துக்கே உங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள், அடிபட்ட பெண், அழுகிற பெண் என்று. நகைச்சுவைக்கு உங்களை யாரும் நினைக்கவே மாட்டார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு குழந்தையைச் சத்தமில்லாமல் சிரிக்க வைத்தவர் நீங்கள், அந்தத் திறமை முதலில் வெளியே வரட்டும்.

சொல்வதற்கு நேரம் வரும், வராமலும் போகலாம், இரண்டும் சரிதான். அமெரிக்க நடிகை வயோலா டேவிஸ் தன் வீட்டு வறுமையையும் அப்பாவின் வன்முறையையும் முழுப் புத்தகமாக எழுதியது 2022-ல். அதற்கு முன்பே நியூயார்க்கின் ஜூலியர்ட் கலைப்பள்ளியில் படித்து முடித்து, மேடையில் பல வருடம் நின்று, 2017-ல் ஆஸ்கரும் வாங்கியிருந்தார். அப்பா பிற்காலத்தில் மாறியதையும், தான் மன்னித்ததையும் கூட அவரே சொல்லியிருக்கிறார். எப்போது, எவ்வளவு, எந்த வார்த்தையில் என்பது அவர் கையில் இருந்தது. உங்களுக்கும் அது உங்கள் கையில் இருக்கட்டும். தம்பியைக் கேட்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பயிற்றுநரிடம் பேசிவிட்டு மறுபடி போங்கள். "சொந்த நினைவை வைத்துச் செய்யும் பயிற்சியில் நான் கலந்துகொள்ள மாட்டேன், அதே காட்சியைக் கற்பனையிலிருந்து செய்து காட்டுகிறேன்" என்று சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கமான காட்சிகளுக்கு இப்போது பல இடங்களில் தனியாக ஒருங்கிணைப்பாளர் வைக்கிறார்கள். எது சம்மதம், எது இல்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுத்தான் படப்பிடிப்பு. உடம்புக்கு இருக்கிற அந்த மரியாதை மனதுக்கும் வேண்டும். ஒத்துக்கொள்ளாத பயிற்றுநர் என்றால் இடத்தை மாற்றுங்கள், அவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

தீப்பந்தம்

மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் மர்லின் மன்றோவை உதாரணமாகச் சொன்னேன் இல்லையா? அவர் வாழ்க்கையை மறுபடி முழுதாகப் படித்தேன். 1955 முதல் ஸ்ட்ராஸ்பர்க்கிடம் பயிற்சி எடுத்திருக்கிறார், மனப்பகுப்பாய்வுக்குப் போகச் சொன்னதும் அவர்தான். அனாதை இல்லத்து நாட்களை அங்கே திரும்பத் திரும்பத் தோண்டியிருக்கிறார்கள். 1962-ல் இறந்துபோனார், 36 வயது. அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அவருக்குப் பல பிரச்சினைகள் இருந்தன. ஆனால் கிணற்றை மூடாதே என்று இந்தத் தோழிக்கு எழுதியபோது, அந்தக் கிணற்றில் இறங்கியவரின் கதை எப்படி முடிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். நானும் அந்த மாதிரிப் பயிற்சிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தூங்குவதில்லை. அதை இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிதானம்

தீப்பந்தம், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். பாருங்கள்.

ஒப்பனை அறை

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், எல்லாருக்கும் உதவும். உள்ளே போகும் வழியைக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வெளியே வரும் வழியை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. நாடகம் முடிந்ததும் நான் என் உடையை நானே கழற்றி, நானே மடித்து வைப்பேன், உதவியாளரிடம் கொடுக்க மாட்டேன். முகம் கழுவி, கண்ணாடியில் பார்த்து என் பெயரைச் சொல்லுவேன். பாத்திரத்தின் செருப்பு வேறு, என் செருப்பு வேறு. செருப்பை மாற்றினால்தான் எனக்கு நாடகம் முடிந்தது. முன்பு ஒரு கனமான பாத்திரம் செய்த வருடம் இதெல்லாம் எதுவும் செய்யாமல் அப்படியே வீட்டுக்குப் போவேன், ஒருநாள் வாசலில் ஓடிவந்த மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்.

சாவிச்சத்தம் (இரண்டு மாதம் கழித்து)

மறுபடி வந்திருக்கிறேன். பயிற்றுநரிடம் பேசினேன், அவருக்குப் பிடிக்கவில்லை. இடம் மாறிவிட்டேன். ஆலோசகரை வாரம் ஒரு முறை பார்க்கிறேன். அது மெதுவாகத்தான் போகிறது, சில வாரம் பின்னாலும் போகிறது. தம்பியிடமும் பேசினேன். ஆட்டுக்குட்டி முகம் அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது, பூதம் நினைவில்லையாம்.

புதிய குழுவில் ஒரு சின்ன நாடகம். எனக்கு மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் பெண் வேடம். விடியற்காலையில் வீட்டுக்கு வந்து, சாவியை மேசைமேல் போட்டுவிட்டு, தூங்கும் அக்காவிடம் பேச ஆரம்பிக்க வேண்டும். எழுதினவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் நாள் ஒத்திகையில் சாவியைப் போட முடியவில்லை. மெதுவாக வைத்தேன். இயக்குநர், "இவள் ஏன் இவ்வளவு பயந்து வைக்கிறாள்? அக்காதானே தூங்குகிறாள்?" என்றார். பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே போய் நின்றேன். தரை, சுவர், மாடிப்படி, ஒரு சைக்கிள், என் கை. ஐந்து. அப்புறம் ஸ்டெல்லா ஆட்லரை நினைத்துக்கொண்டு யோசித்தேன். இவள் யார்? எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டே வேலை பார்த்தாள்? கால் எங்கே வலிக்கும்? அக்காவை எழுப்ப வேண்டும் என்று ஆசை, எழுப்பிவிட்டால் பாவம் என்றும் நினைப்பு. அப்படியென்றால் சாவி எந்தச் சத்தத்தில் விழும்?

உள்ளே போய் அதைச் செய்தேன். சாவி மேசையில் விழுந்து கொஞ்சம் சறுக்கி நின்றது. என் வீட்டில் நான் கேட்டிராத சத்தம். அக்காவாக நடிப்பவர் போர்வைக்குள்ளிருந்து, "வந்துட்டியா?" என்றார். வசனத்தில் அது இல்லை, அவரே சேர்த்துக்கொண்டது. "வந்துட்டேன்" என்றேன். இயக்குநர் அந்த இரண்டு வரியையும் நாடகத்தில் வைத்துக்கொண்டார்.

ஒப்பனை அறை

தங்கச்சி, அரங்கேற்றம் என்றைக்கு? நான் வருகிறேன்.